போட்டிக்கு முந்தைய நாள்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் அணியைப் போட்டிக்கு ஆயத்தம் செய்வது எப்படி என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். உடற்கல்வி ஆசிரியர்கள் மட்டும் இருப்பார்கள் என்று நினைத்து வந்தேன். அறிவியல் ஆசிரியர்கள், கணித ஆசிரியர்கள், தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்கள் எல்லாம் அமர்ந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. கபடியை வைத்துப் பேசினால் உங்களில் பாதிப்பேர் என்னைத் திருத்துவீர்கள். கிரிக்கெட்டை வைத்துப் பேசினால் எல்லாரும் திருத்துவீர்கள். ஆகவே இந்த அரங்கில் யாருமே ஆடியிராத ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறேன். அதன் பெயர் கர்லிங். அந்த விளையாட்டிலும் ஒரே ஒரு நாளைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். உலக அளவிலான ஒரு போட்டி தொடங்குவதற்கு முந்தைய நாள்.

ஆட்டம் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர்கால ஒலிம்பிக் நடக்கும்போது தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பனித்தரையில் ஒரு கல்லைத் தள்ளிவிடுவார். இருவர் அதன் முன்னால் ஓடியபடி தரையைத் துடைத்துக்கொண்டே போவார்கள். "வீட்டில் பெருக்கச் சொன்னால் பெருக்க மாட்டார்கள், அங்கே போய் ஒலிம்பிக்கில் பெருக்குகிறார்கள்" என்று சிரித்தவர்களும் இங்கே இருக்கலாம். சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் அது நுட்பமான ஆட்டம். பனித்தடம் ஏறத்தாழ 45 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். தடத்தின் இரு கோடியிலும் தரையில் வட்டங்கள் வரைந்திருக்கும். வெளிவட்டத்தின் விட்டம் 12 அடி. கருங்கல்லால் ஆன, கைப்பிடி வைத்த கல். எடை 17 கிலோவுக்கு மேல், 20 கிலோவுக்குள். ஓர் அணியில் களத்தில் 4 பேர். ஆளுக்கு 2 கற்கள், அணிக்கு 8. இரண்டு அணியும் மாறி மாறி 16 கற்களையும் தள்ளி முடித்தால் ஒரு சுற்று. வட்டத்தின் நடுப்புள்ளிக்கு யாருடைய கல் அருகில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. பெரிய போட்டிகளில் 10 சுற்று ஆடுவார்கள். கல்லை விடும்போது கைப்பிடியை மெல்லத் திருப்பிவிட்டால் அது நேராகப் போகாமல் வளைந்து போகும். முன்னால் துடைத்துக்கொண்டே போனால் தரையின் உராய்வு குறைந்து கல் இன்னும் சில மீட்டர் கூடுதலாகப் போகும், வளைவதும் குறையும். இவ்வளவு போதும்.

இப்போது முந்தைய நாளுக்கு வருவோம். கனடாவிலிருந்தோ ஸ்காட்லாந்திலிருந்தோ கொரியாவிலிருந்தோ ஓர் அணி வந்து இறங்கியிருக்கிறது. ஒவ்வொருவரிடமும் அவரவர் காலணி, அவரவர் துடைப்பான். கல்? கல்லை யாரும் கொண்டு வருவதில்லை. கொண்டு வரவும் முடியாது. கற்கள் போட்டி நடத்துபவர்கள் தருபவை. தடத்துக்கு 16 கற்கள், அவை அந்தத் தடத்திலேயே இருக்கும். நாளைக்கு நாம் ஆடப்போகும் கல்லை இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொடுகிறோம். தரையும் அப்படித்தான். நான்கோ ஐந்தோ தடங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஒவ்வொரு தடத்திலும் ஓர் அணிக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அதற்குள் அந்தத் தடத்தையும் அந்தக் கற்களையும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே அந்த நாளில் அவர்கள் ஆட்டத்தைப் பழகுவதில்லை. கல்லை விடும் முறையில் ஒருவருக்குக் குறை இருந்தால் அன்று யாரும் அதைத் திருத்த மாட்டார்கள். திருத்துவதற்கு முந்தைய மாதங்கள் இருந்தன. இன்றைய வேலை வேறு. இடத்தைப் படிப்பதுதான் இன்றைய வேலை.

எப்படிப் படிக்கிறார்கள்? கையில் ஒரு நிறுத்துக் கடிகாரம். தடத்தின் இரு பக்கமும் ஹாக் கோடு என்று ஒரு கோடு உண்டு. கல்லை விடுபவர் இந்தப் பக்கக் கோட்டை அடையும் முன் கையை எடுத்துவிட வேண்டும். ஒரு ஹாக் கோட்டிலிருந்து மறுபக்க ஹாக் கோடு வரை 72 அடி, அதாவது ஏறத்தாழ 22 மீட்டர். இந்தத் தூரத்தைக் கல் எத்தனை விநாடியில் கடக்கிறது என்று அளப்பார்கள். நடுப்புள்ளியில் வந்து நிற்கும் கல்லை வைத்துத்தான் அளக்க வேண்டும். பெரிய போட்டிகளில் தரை நன்றாக இருந்தால் 14 விநாடி அளவில் வரும்.

இங்கே ஒரு கேள்வி கேட்கிறேன். அறிவியல் ஆசிரியர்கள் கொஞ்சம் பொறுங்கள், மற்றவர்கள் சொல்லட்டும். ஒரு தடத்தில் 14 விநாடி. பக்கத்துத் தடத்தில் 12 விநாடி. எந்தத் தரை வேகமான தரை?

12 என்றுதானே சொல்லத் தோன்றுகிறது? ஓட்டப்பந்தயத்தில் 12 விநாடியில் ஓடியவன்தானே வேகமானவன்? இங்கே அது தலைகீழ். 14 விநாடித் தரைதான் வேகமானது. காரணம் எளிது. இரண்டு கற்களும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. உராய்வு அதிகமுள்ள தரையில் அந்த இடம் வரை போய்ச் சேர, கல்லைப் பலமாகத் தள்ளியாக வேண்டும். பலமாகத் தள்ளிய கல் முதல் 22 மீட்டரைச் சட்டென்று கடந்துவிடும், பிறகு உராய்வு அதைப் பிடித்து நிறுத்தும். உராய்வு குறைந்த தரையில் மெல்ல விட்டாலே போதும். மெல்லப் போகிற கல் அதே தூரத்தைக் கடக்க நேரம் எடுக்கும். ஒன்பதாம் வகுப்பு இயக்கச் சமன்பாடுகளை வைத்து, எதிர்முடுக்கம் மாறிலி என்று எடுத்துக்கொண்டு, கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டலாம். நிற்கும் தூரம் 28 மீட்டர், கடக்கும் தூரம் 22 மீட்டர். மாணவர்களிடம் விடையை ஊகிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு கணக்கைப் போடச் சொல்லுங்கள். வகுப்பு விழித்துக்கொள்ளும்.

தரை ஏன் தடத்துக்குத் தடம் மாறுகிறது? அது சமதளமான பனிக்கட்டி இல்லை என்பதால். கண்ணாடி போன்ற பனியில் இந்தக் கல் சரியாக ஓடாது. பனித்தரையைப் பேணுபவர் ஒருவர் இருக்கிறார். முதுகில் நீர்க்கலனைச் சுமந்துகொண்டு, பூவாளி முனை போன்ற ஒன்றைக் கையில் பிடித்து இடமும் வலமும் வீசியபடி, பின்னோக்கி நடந்துகொண்டே நீர்த்துளிகளைத் தெளிப்பார். விழுந்த துளிகள் உறைந்து சின்னச் சின்னப் புடைப்புகளாக நிற்கும். பிறகு அவற்றின் தலையை ஒரு கத்தியால் லேசாகச் சீவிவிடுவார். கல் இந்தப் புடைப்புகளின் மேல்தான் போகிறது. ஆட ஆடப் புடைப்புகள் தேயும், தரை மாறும். தரையின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 5 டிகிரி அளவில் இருக்கும். அதில் சிறு மாற்றம் வந்தாலும் கல்லின் போக்கில் தெரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆயத்த நாளில் அரங்கத்தின் இருக்கைகள் காலி. மறுநாள் ஆயிரக்கணக்கான பேர் வந்து உட்காருவார்கள். அத்தனை உடல்களின் சூடு, அத்தனை பேர் விடும் மூச்சின் ஈரம், எல்லாம் சேர்ந்து அரங்கக் காற்றை மாற்றும். தரையும் மாறும். அப்படியானால் இன்று குறித்துக்கொண்ட 14 விநாடி நாளைக்கு எதற்கு உதவும்? நல்ல அணி அந்த எண்ணை மட்டும் நம்பி இருப்பதில்லை. ஒப்பீட்டைத்தான் குறித்துக்கொள்கிறது. மூன்றாம் தடம் முதல் தடத்தைவிட மெதுவானது. இரண்டாம் தடத்தில் இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் கல் கூடுதலாக வளைகிறது. தடத்தின் ஓரம் நடுப்பகுதியைவிடக் கனமாக இருக்கிறது. நாளைக் காலை எண்கள் மாறலாம். இந்த வேறுபாடுகளில் பல மாறாமல் நிற்கும். காலையில் இரண்டு கல்லை விட்டுப் பார்த்தாலே மற்றவற்றை அனுமானித்துக்கொள்ளலாம்.

அடுத்து கல். ஒலிம்பிக் கற்களுக்கான கருங்கல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் எய்ல்சா கிரெய்க் என்ற சிறு தீவிலிருந்து வருகிறது. மனிதர்கள் குடியிருக்காத, கடற்பறவைகள் கூடு கட்டும் தீவு. அந்தக் கல்லை மோக்லின் என்ற ஊரில் கடைந்து எடுக்கிறார்கள். அங்குள்ள கேஸ் நிறுவனம் 1851 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. தீவில் கிடைக்கும் ஒரு வகைக் கல் மோதலைத் தாங்கும், அது உடலுக்கு. இன்னொரு வகை நீரை உறிஞ்சாது, அது தரையைத் தொடும் அடிப்பகுதிக்கு. நீரை உறிஞ்சும் கல்லாக இருந்தால் உள்ளே போன நீர் உறைந்து விரிந்து கல்லைப் பொரித்துவிடும். கல்லின் அடிப்பக்கம் முழுதும் தரையைத் தொடுவதில்லை. ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு மெல்லிய வளையம் மட்டுமே தொடுகிறது. அந்த வளையத்தின் சொரசொரப்பில் இம்மி வேறுபாடு இருந்தாலும் ஒரு கல் மற்றொன்றைவிட அதிகம் வளையும், அல்லது கொஞ்சம் முன்னதாக நின்றுவிடும். பார்வைக்கு 16 கற்களும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கைப்பிடியின் நிறமும் எண்ணும்தான் வேறு.

கல் ஏன் வளைகிறது என்பதே ஒரு தனிக்கதை. வீட்டுக்குப் போனதும் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, வழவழப்பான மேசையில் வலஞ்சுழியாகச் சுழற்றித் தள்ளிப் பாருங்கள். இடப்பக்கம் விலகும். கர்லிங் கல்லை வலஞ்சுழியாகத் திருப்பிவிட்டால் வலப்பக்கம் வளையும். நேர்மாறு! 2013இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். கல்லின் முன்விளிம்பு பனியில் நுண்ணிய கீறல்களைப் போட்டுக்கொண்டே போகிறது, பின்விளிம்பு அந்தக் கீறல்களில் மாட்டித் திரும்புகிறது என்றார்கள். கனடாவின் இயற்பியலாளர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. 500 ஆண்டு பழைய விளையாட்டு, இன்னும் வாதம் முடியவில்லை. அறிவியல் மன்றத்தில் சொல்வதற்கு ஏற்ற செய்தி. பாடநூலில் எல்லாக் கேள்விக்கும் விடை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய செய்தியும்கூட.

சரி, 16 கற்களையும் யார் சோதிப்பது?

இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். களத்தில் 4 பேர் என்று சொன்னேன். ஆனால் அணியில் 5 பேர். ஐந்தாவது ஆள் மாற்று ஆட்டக்காரர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் உள்ளே போவார். பல போட்டிகளில் ஒரு கல்லைக்கூட விடாமல் ஊர் திரும்புகிறவர். நம் ஊரில் இப்படிப்பட்டவருக்கு என்ன வேலை கொடுக்கிறோம்? தண்ணீர் பாட்டில், பைகளைப் பார்த்துக்கொள்வது, கைதட்டுவது. கர்லிங்கில் இந்த ஐந்தாம் ஆளும் பயிற்சியாளரும்தான் கற்களைப் படிக்கிறார்கள். போட்டி நடக்கும் நாட்களில் அன்றைய ஆட்டங்கள் எல்லாம் முடிந்து அரங்கம் காலியான பிறகு, மறுநாள் ஆடப்போகும் தடத்தில் இரவுப் பயிற்சி நேரம் ஒதுக்குவார்கள். களைத்துப்போன நால்வரும் விடுதிக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். ஐந்தாம் ஆள் இரவில் பனியில் நின்று ஒவ்வொரு கல்லாக விடுகிறார். இந்தப் பக்கம் ஒருமுறை திருப்பி, அந்தப் பக்கம் ஒருமுறை திருப்பி. பயிற்சியாளர் மறுமுனையில் நின்று விநாடியையும் வளைவையும் குறிக்கிறார். ஒத்துப்போகும் கற்களை இணை சேர்க்கிறார்கள். மிகவும் ஒத்துப்போகும் இணையைக் கடைசிக் கற்களை விடும் தலைவருக்கு, அதாவது ஸ்கிப்புக்கு, ஒதுக்குவது வழக்கம். காலையில் நால்வரும் வரும்போது எந்தக் கல் யாருக்கு என்ற பட்டியல் தயாராக இருக்கும். அவர்கள் அதை நம்பி ஆடுவார்கள். மறுபடி சோதித்துப் பார்க்க நேரம் இல்லை.

யோசித்துப் பாருங்கள். இந்த வேலையை அரைகுறையாகத் தெரிந்தவரிடம் கொடுக்க முடியுமா? ஒரே மாதிரி, ஒரே வேகத்தில், 16 கற்களை விடத் தெரிய வேண்டும். விடுபவரின் கை மாறினால் வேறுபாடு கல்லில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஐந்தாம் ஆள் தேர்ந்த ஆட்டக்காரராக இருந்தாக வேண்டும். தேர்ந்தவராக இருந்தும் ஆடாமல் இருக்கச் சம்மதிக்க வேண்டும். இது எளிதான காரியமில்லை.

தென்கொரியாவின் மகளிர் அணியைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் விளங்கும். உய்சோங் பூண்டுக்குப் பெயர்போன வேளாண் பகுதி. 2006இல் அங்கே ஒரு கர்லிங் அரங்கம் திறந்தார்கள். உய்சோங் மகளிர் உயர்நிலைப் பள்ளியில் படித்த கிம் உன்-ஜங், கிம் யோங்-மி என்ற இரு தோழிகள் பள்ளிக் காலத்தில் அங்கே ஆடத் தொடங்கினார்கள். யோங்-மியின் தங்கை கிம் கியோங்-ஏ அக்காவுக்கு ஏதோ ஒரு பொருளைக் கொடுக்க அரங்கத்துக்கு வந்தவர், வந்த இடத்தில் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார். அவருடைய தோழி கிம் சோன்-யோங் அவரோடு சேர்ந்தார். வேறோர் ஊரிலிருந்து கிம் சோ-ஹி பின்னாளில் வந்தார். ஐந்து பேரும் கிம்! 2018 குளிர்கால ஒலிம்பிக் அவர்கள் நாட்டிலேயே நடந்தது. முதல் ஆட்டத்தில் உலக வெற்றியாளராக வந்த கனடாவை 8-6 என்று வென்றார்கள். முதற்கட்டத்தின் 9 ஆட்டங்களில் 8 வெற்றி. ஒரே தோல்வி ஜப்பானிடம், அதே ஜப்பானை அரையிறுதியில் கூடுதல் சுற்றில் 8-7 என்று வென்றார்கள். இறுதியில் சுவீடனிடம் தோற்று வெள்ளி பெற்றார்கள்.

அந்த நாட்களில் கொரியா முழுவதும் ஒலித்த பெயர் யோங்-மி. காரணம், ஸ்கிப்பான உன்-ஜங் மறுமுனையில் நின்றுகொண்டு, துடைக்கச் சொல்லி "யோங்-மி! யோங்-மி!" என்று கத்திக்கொண்டே இருப்பார். நீட்டிக் கூப்பிட்டால் ஒரு பொருள், அவசரமாகக் கூப்பிட்டால் ஒரு பொருள். பார்வையாளர்களும் சேர்ந்து கத்தினார்கள். அந்த ஒலிம்பிக்கில் ஐந்தாம் ஆள் சோ-ஹி. நான்கு ஆண்டு கழித்து 2022இல் பெய்ஜிங் ஒலிம்பிக் வந்தபோது களத்தில் சோ-ஹி ஆடினார். ஐந்தாம் ஆளாக இருந்தவர் யார் தெரியுமா? யோங்-மி. நாடே பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் மாற்று ஆட்டக்காரராக உடன் போனார். அந்த ஆண்டே கனடாவில் நடந்த உலகப் போட்டியில் அந்த அணி வெள்ளி வென்றது.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் இனிமையாக இருக்கும். ஆனால் ஆசிரியர்களிடம் பேசுகிறேன், முழுதாகச் சொல்ல வேண்டும். 2018 ஒலிம்பிக்கின்போது கவனம் சிதறாமல் இருக்க அவர்கள் கைபேசிகளை ஒப்படைத்துவிட்டு இருந்தார்கள், தாங்கள் இவ்வளவு புகழ் பெற்றதே அவர்களுக்குத் தெரியாது என்று அப்போது எல்லாரும் வியந்து எழுதினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அந்த ஐவரும் தங்களை நடத்திய விதம் பற்றியும் பரிசுத்தொகை பற்றியும் பயிற்சியாளர்கள் மீது வெளிப்படையாகப் புகார் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அரசின் தணிக்கை அந்தப் புகார்களில் பெரும்பாலானவை சரியே என்று கண்டது. கட்டுப்பாடு என்ற பெயரில் வெளியில் இருந்து பார்ப்பவர் மெச்சுவது, உள்ளே இருப்பவருக்கு வேறாக இருக்கக்கூடும். நம் பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துப் போகும்போது அவர்கள் யாரோடு பேசலாம், எப்போது வீட்டுக்குப் பேசலாம் என்று நாம் போடும் விதிகளை இந்தக் கண்கொண்டு ஒருமுறை பாருங்கள்.

முந்தைய நாளின் வேலைகளில் இன்னும் சில உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். துடைப்பான்களைப் பார்த்துக்கொள்வது. 2015இல் சில புதுவகைத் துணி வைத்த துடைப்பான்கள் கல்லின் போக்கையே இழுத்துப் போகின்றன என்று பெரிய சச்சரவு எழுந்தது. அதன்பின் ஒப்புதல் பெற்ற துணி மட்டுமே என்று விதி செய்துவிட்டார்கள். ஆகவே எடுத்து வந்த துடைப்பான் தலைகள் விதிப்படி இருக்கின்றனவா என்று முன்னாளே சரிபார்த்துவிட வேண்டும்.

பிறகு சொற்களைச் சரிபார்ப்பது. அரங்கத்தில் ஒரே நேரத்தில் நான்கு ஆட்டம் நடக்கும், எல்லாத் தடத்திலும் கத்துவார்கள். கல்லோடு ஓடுகிறவர்கள் அது எங்கே போய் நிற்கும் என்பதை மறுமுனையில் நிற்கும் ஸ்கிப்புக்குச் சொல்ல வேண்டும். "கொஞ்சம் முன்னாடி நிற்கும் போலிருக்கிறது" என்று வாக்கியம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. பல அணிகள் 1 முதல் 10 வரை எண் வைத்துக்கொள்கின்றன. 7 என்றால் நடுப்புள்ளி. 4 என்றால் வட்டத்தின் முன்விளிம்பு. 10 என்றால் பின்விளிம்பு. ஓடுகிறவர் "ஆறு!" என்று கத்தினால் போதும். இந்த எண்கள் ஆண்டு முழுதும் பழகியவைதான், ஆனாலும் புது அரங்கத்தின் இரைச்சலில் காதில் விழுகிறதா என்று ஒருமுறை கத்திப் பார்க்கிறார்கள்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் அணிகளுக்குச் சில நிமிடப் பயிற்சி நேரம் உண்டு. அதன் முடிவில் ஒவ்வோர் அணியிலும் இருவர் ஆளுக்கு ஒரு கல் விட வேண்டும், ஒன்று வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி. நடுப்புள்ளியிலிருந்து அவை நிற்கும் தூரத்தை அளந்து கூட்டுவார்கள். யாருடைய கூட்டல் குறைவோ அவர்கள் முதல் சுற்றில் கடைசிக் கல்லை விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கலாம். கடைசிக் கல் இந்த ஆட்டத்தில் பெரிய சொத்து. போட்டி முழுதும் இந்த அளவுகளைச் சேர்த்து வைத்து, அணிகள் சமநிலையில் இருந்தால் தரவரிசைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்தாம் ஆள் இரவில் எழுதி வைத்த தாள் இந்த இரண்டு கல்லிலேயே விலைமதிப்பைக் காட்டிவிடும். நாணயம் சுண்டிப்போட்டு முடிவுசெய்யும் விளையாட்டுகளைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது.

அப்புறம், கர்லிங்கில் ஓடும் கல்லைத் துடைப்பானோ காலோ தவறித் தொட்டுவிட்டால், தொட்டவரே அதைச் சொல்லிவிட வேண்டும். நடுவர் பார்க்கவில்லை என்று வாய்மூடி இருக்க மாட்டார்கள். ஆட்டம் தொடங்கும் முன் எதிரணியோடு கை குலுக்கி நன்றாக ஆடுங்கள் என்று சொல்வார்கள். இதை நான் நீட்டவில்லை. உங்களுக்கு இதை வைத்து என்ன செய்வது என்று தெரியும்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். குறுவட்டப் போட்டிக்கு ஓர் அணியை அழைத்துப் போகிறோம். கபடியில் களத்தில் 7 பேர், வெளியே 5 பேர். வாலிபாலில் உள்ளே 6, வெளியே 6. வெளியே இருக்கும் பிள்ளைகளும் மூன்று மாதம் நம்மோடு காலையில் ஓடி வந்தவர்கள்தான். போட்டி நடக்கும் பள்ளி மைதானத்தை யாராவது முன்கூட்டியே பார்க்கிறோமா? மண் எப்படி, எந்தப் பக்கம் சரிவு, எந்த நேரத்தில் வெயில் யார் கண்ணில் அடிக்கும், காற்று எங்கிருந்து வீசும்? முந்தைய நாள் போக முடியாது, பேருந்துச் செலவுக்கே பாடு என்பது எனக்கும் தெரியும். காலையில் ஒரு மணி நேரம் முன்னால் போகலாம். ஆடப்போகிற பிள்ளைகள் உட்கார்ந்திருக்கட்டும். ஆடாத பிள்ளைகள் இரண்டு பேரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து மைதானத்தைச் சுற்றி வரச் சொல்லுங்கள். வாலிபால் என்றால் அந்த மைதானத்தில் பத்து சர்வீஸ் போட்டுப் பார்க்கட்டும். முதல் ஆட்டத்தில் எதிரணியில் எந்தப் பையன் எந்தக் காலை முன்வைத்துப் பாடி வருகிறான் என்று எழுதட்டும். இடைவேளையில் நீங்கள் பேசுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைப் பேசவிடுங்கள். ஆடும் பிள்ளைகள் அவன் சொன்னதைக் கேட்டு ஒரு புள்ளி எடுத்துவிட்டால் போதும், அடுத்த முறை நீங்கள் சொல்லாமலே அவன் நோட்டை எடுத்துவிடுவான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இதை ஆறுதல் பரிசாகக் கொடுக்காதீர்கள். ஆடத் தெரியாத பிள்ளைக்கு ஒரு வேலை என்று கொடுத்தால் அது அந்தப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். அவன் எழுதியதை நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்த வேண்டும். பயன்படுத்த மனமில்லை என்றால் நோட்டைக் கொடுக்காமலே இருக்கலாம்.

பாட ஆசிரியர்களுக்கும் இதில் வேலை உண்டு. பொதுத்தேர்வு மையம் நம் பிள்ளைகள் பலருக்கு வேறு பள்ளியாக இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய நாள் நாம் என்ன செய்கிறோம்? இரவு வரை முக்கிய வினா, இன்னொரு சிறு தேர்வு, வாட்ஸ்அப்பில் கடைசி நேரக் குறிப்பு. பத்து மாதத்தில் படியாத கணக்கு அந்த இரவில் படியப்போவதில்லை, படிந்திருப்பதும் குழம்பும். அதற்குப் பதில் அந்த மையத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப் போய் வாருங்கள். எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு, வாசல் எந்தப் பக்கம், கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே. உள்ளே விட மாட்டார்கள் என்றால் வாசல்வரை போதும். சென்ற ஆண்டு அங்கே எழுதிய அண்ணன், அக்காவை வரச் சொல்லிப் பேசவிடலாம். "மேசை ஆடும், தாளை நான்காக மடித்துக் காலுக்குக் கீழே வை" என்று அவர்கள் சொல்லும் ஒரு வரி, நாம் கொடுக்கும் இருபது வினாவைவிட அன்றைக்குப் பயன்படும். எல்லாப் பள்ளியிலும் இது முடியாது. தொலைவில் இருக்கும் மலைப்பகுதிப் பள்ளிகளுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். அங்கிருந்து வந்திருப்பவர்கள் இருந்தால், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப் போகிறது. வெள்ளைக் கரும்பலகை எழுதுகோல் இருந்தால் யாராவது கொடுங்கள், அந்த 12, 14 விநாடிக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். பின்வரிசையில் இரண்டு பேர் இன்னும் நம்பாத முகத்தோடு இருக்கிறீர்கள்.